யாரிடம் கேட்பது என்று விட்டுவைத்த கேள்விகள்: சேலம், ஏற்காடு ஆண்களுக்கு

சேலம் நகரிலும் சேர்வராயன் மலையிலும் ஆண்களிடம் உடல்நலம் பற்றிப் பேசும் களப்பணியில் இருக்கிறேன். செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறை, இளம்பிள்ளை விசைத்தறிக் கூடம், லாரிகள் நிற்கும் புறவழிச்சாலை டீக்கடை, ஏற்காட்டுக் காபித் தோட்டத்து லைன் வீடு என்று எங்கே உட்கார்ந்தாலும் எல்லோர் முன்னிலையிலும் வரும் கேள்வி ரத்த அழுத்தம், மூட்டுவலி பற்றியதாகவே இருக்கும். கூட்டம் கலைந்த பிறகு செருப்பைத் தேடுவதுபோல ஒருவர் மட்டும் பின்தங்கி நிற்பார். உண்மையான கேள்வி அவரிடம்தான் இருக்கும். அப்படிக் கேட்கப்பட்டவற்றைத் திரட்டிப் பதில் எழுதியிருக்கிறேன். இதைப் படிப்பவர் யாரோடு படுக்கிறார், எதைக் குடிக்கிறார் என்பதை வைத்து நான் அவரை எடை போடப் போவதில்லை. அவர் உடம்பு நன்றாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை. பிறகு எதற்குப் பரிசோதனை?

தொந்தரவு தெரிகிற நோய்க்கு நீங்களே ஓடிப்போவீர்கள். ஆண்களை அதிகம் வீழ்த்துபவை சத்தம் போடாத நோய்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை, கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி, சி, சிபிலிஸ் எனப்படும் கிரந்தி, எச்ஐவி ஆகிய எல்லாமே வருடக்கணக்கில் ஒரு வலியும் தராமல் உள்ளே இருக்கும்.

18 வயதுக்கு மேல் ரத்த அழுத்தம் பார்த்துக்கொள்ளுங்கள். 140-க்கு 90 என்ற அளவைத் தொட்டால் இன்னொரு நாளும் பார்க்க வேண்டும். 30 வயதானால் சர்க்கரை. வெறும் வயிற்றில் 100 முதல் 125 வரை இருந்தால் எச்சரிக்கை, 126-ஐத் தொட்டால் மறுபடி பார்த்து உறுதிசெய்ய வேண்டும். அப்பா, அம்மாவுக்குச் சர்க்கரை இருந்தால் 30 வரை காத்திருக்காதீர்கள்.

2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சுகாதாரப் பணியாளர்கள் வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள். ஆனால் அவர்கள் வருவது பகலில். வீட்டுப் பெண்களுக்குச் சர்க்கரை அளவு தெரிந்திருக்கிறது, தறிக்கும் பட்டறைக்கும் போய்விட்ட ஆணுக்குத் தெரிவதில்லை. துண்டுக் கூலிக்கு வேலை செய்பவர் அரை நாளை விட்டுவிட்டு வரிசையில் நிற்க யோசிப்பது எனக்குப் புரிகிறது. அதனால் பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டியதில்லை. உங்கள் பகுதி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் காலையிலேயே போனால் ஊசி குத்தி அளந்து சொல்லிவிடுவார்கள், கட்டணம் கிடையாது.

முன்தோலில் வெடிப்பு, அரிப்பு. நான் தப்பு எதுவும் செய்யவில்லை. வீட்டில் சொன்னால் நம்புவார்களா?

முதலில் சர்க்கரை பாருங்கள். நடுத்தர வயது ஆணுக்கு முன்தோலின் நுனியில் கீறல் கீறலாக வெடிப்பு, வெள்ளைப் படிவு, தோலைப் பின்னுக்குத் தள்ள முடியாத இறுக்கம் வந்தால், பல நேரங்களில் காரணம் கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரையும் அதனால் வளரும் பூஞ்சையும்தான். சிறுநீரில் சர்க்கரை இறங்குவதால் பூஞ்சைக்கு அங்கே வசதி. தனக்குச் சர்க்கரை இருப்பதே இந்தப் புண் வழியாகத்தான் சிலருக்குத் தெரியவருகிறது. களிம்பு போட்டால் ஆறும், சர்க்கரையைக் குறைக்காவிட்டால் திரும்ப வரும்.

பால்வினை நோயோ என்று பயந்து மாதக்கணக்கில் மறைத்து, மனைவியிடம் படுக்காமல் ஒதுங்கி, அதனால் வீட்டில் சந்தேகம் எழுந்து சண்டை வந்த குடும்பங்கள் உண்டு. ஒரு விரல்நுனி ரத்தத்தில் தீர்ந்திருக்க வேண்டிய விஷயம் அது. கூடவே கிரந்திக்கும் எச்ஐவிக்கும் பார்த்துவிட்டால் இருவர் மனதும் நிம்மதியாகும்.

கைப்பழக்கத்தால் நரம்புத் தளர்ச்சி வந்துவிட்டது என்று லாட்ஜுக்கு வந்த வைத்தியர் சொன்னார். பல ஆயிரம் ரூபாய் மருந்து வாங்கினேன். குணமாகுமா?

உங்களுக்கு அந்த நோய் இல்லை. இல்லாத நோய் குணமாக வேண்டியதில்லை.

சுயஇன்பத்தால் நரம்பு தளராது, கண் குழியாது, உறுப்பு சிறுக்காது, குழந்தைப் பேறு கெடாது. தூக்கத்தில் விந்து வெளியேறுவதும் அப்படியே. ஒரு சொட்டு விந்து இத்தனை சொட்டு ரத்தம் என்ற கணக்கு தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படுகிறதே தவிர, உடல் அப்படி இயங்குவதில்லை. ஆணின் உடல் இளமை முதல் முதுமை வரை விந்தணுவை இடைவிடாமல் உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது. ஒரு விந்தணு முதிர ஏறத்தாழ இரண்டரை மாதம் ஆகும், அதற்குப் பின்னாலேயே அடுத்தடுத்தவை வரிசையில் இருக்கும். சேமித்து வைக்க ஒன்றுமில்லை. உறுப்பு லேசாக ஒரு பக்கம் வளைந்திருப்பது, ஒரு விதை மற்றதைவிடத் தாழ்ந்து தொங்குவது எல்லாம் இயல்பு.

அப்படியென்றால் உடல் சோர்வு, படபடப்பு, தூக்கமின்மை எல்லாம் பொய்யா? இல்லை, அவை உண்மை. பயமும் குற்ற உணர்வும் அவற்றைக் கொண்டுவரும். பதினாறு வயதில் ஒரு துண்டுச்சீட்டைப் படித்துவிட்டுப் பத்து வருடம் தன்னை நோயாளியாகவே நினைத்து வாழ்ந்து, பெண் பார்க்கப் போவதையே தள்ளிப்போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த வருடங்களை யார் திருப்பித் தருவது? இதை எழுதும்போதும் எனக்குக் கோபம் வருகிறது.

பேருந்து நிலையச் சுவரிலும் கழிப்பறைக் கதவிலும் ஒட்டப்படும் இந்த விளம்பரங்கள் சட்டப்படியே தவறு. பாலியல் ஆற்றலைக் கூட்டுவதாகச் சொல்லி மருந்து விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் மருந்து, மாயத் தீர்வுகள் விளம்பரத் தடைச் சட்டம் தடுக்கிறது. சித்த மருத்துவத்தை நான் குறை சொல்லவில்லை. அரசு மருத்துவமனைகளிலேயே சித்தப் பிரிவு உண்டு, பதிவு பெற்ற மருத்துவர்கள் அங்கே இருக்கிறார்கள். பெயர்ச் சீட்டு இல்லாத டப்பாவில் பஸ்பத்தைக் கொடுத்து, இரண்டு நாளில் அறையைக் காலி செய்துவிட்டுப் போகிறவரைத்தான் சொல்கிறேன். முறையாகச் செய்யப்படாத பஸ்பத்தில் பாதரசமும் ஈயமும் இருந்தால் சிறுநீரகம் பாதிக்கப்படும். நீங்கள் அதைச் சாப்பிட்டிருந்தால் டப்பாவையும் எடுத்துக்கொண்டு அரசு மருத்துவரிடம் போங்கள், சிறுநீரகத்துக்கான ரத்தப் பரிசோதனை ஒன்று செய்துகொள்ளுங்கள்.

அந்த அறைக்கு நம் ஆண்கள் ஏன் போகிறார்கள் என்பதையும் யோசிக்க வேண்டும். அங்கே கதவு சாத்தப்படுகிறது. ஒருவர் எதிரே உட்கார்ந்து, முகம் சுளிக்காமல் கேட்கிறார். அந்த மரியாதைக்குத்தான் அவ்வளவு பணம் போகிறது. அதே மரியாதை இலவசமாகக் கிடைக்கும் இடங்களைப் பற்றித்தான் கீழே எழுதப் போகிறேன்.

45 வயதாகிறது. விறைப்பு முன்போல் இல்லை. மருந்துக் கடையில் அந்த நீல மாத்திரையைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாமா?

கடைக்கு முன்னால் மருத்துவரிடம் போங்கள். ஆணுறுப்புக்குப் போகும் ரத்தக் குழாய்கள் இதயத்துக்குப் போகும் குழாய்களைவிடக் குறுகலானவை. அடைப்பு வரத் தொடங்கினால் முதலில் தெரிவது இங்கேதான். மாரடைப்புக்குச் சில வருடங்கள் முன்பே விறைப்புக் குறைவு எட்டிப்பார்ப்பது உண்டு. சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு, புகை, குடி என எல்லாவற்றையும் பார்க்க வேண்டிய நேரம் அது. மனச்சோர்வும் சில ரத்த அழுத்த மாத்திரைகளும்கூடக் காரணமாகலாம்.

நெஞ்சுவலிக்காக நாக்கின் அடியில் சார்பிட்ரேட் மாத்திரை வைத்துக்கொள்பவர் அந்த நீல மாத்திரையைத் தொடவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் திடீரென இறங்கி உயிர் போகும்.

சிறுநீர் கழித்தால் எரிகிறது, சீழ் வருகிறது. சூடு என்று இளநீர் குடித்துப் பார்த்தேன்.

இளநீரால் கெடுதல் இல்லை, ஆனால் சீழை அது நிறுத்தாது. உடலுறவு கொண்ட சில நாட்களில் எரிச்சலும் சீழும் வந்தால் அது பெரும்பாலும் வெட்டை நோய், கூடவே கிளாமிடியா என்ற இன்னொரு பால்வினைத் தொற்றும் இருக்கலாம். அரசு மருத்துவமனைகளில் சுகவாழ்வு மையம் என்று ஓர் அறை இருக்கும். பால்வினை நோய்க்கான இடம் என்று வாசலில் எழுதிவைத்தால் யாரும் நுழைய மாட்டார்கள் என்பதாலோ என்னவோ, பெயர் அப்படி. நல்ல பெயர்தான். அங்கே உங்களைப் பரிசோதித்துவிட்டு மாத்திரைப் பொட்டலம் தருவார்கள். அறிகுறிக்கு ஏற்பப் பொட்டலத்துக்கு நிறம் உண்டு. சீழ் வடிதலுக்குச் சாம்பல் நிறம், புண்ணுக்கு வெள்ளை, கொப்புளத்துக்குச் சிவப்பு. சாம்பல் நிறப் பொட்டலத்தில் இரண்டே மருந்துகள்தான், பெரும்பாலும் அங்கேயே விழுங்கிவிட்டு வந்துவிடலாம்.

உங்களோடு உறவில் இருப்பவருக்கும் சிகிச்சை வேண்டும். அவருக்கு அறிகுறியே இல்லாமலும் நோய் இருக்கலாம். நீங்கள் மட்டும் மருந்து சாப்பிட்டால் அடுத்த மாதம் அதே வரிசையில் நிற்பீர்கள். இருவருக்கும் குணமாகும் வரை உடலுறவு வேண்டாம்.

போன வருடம் அங்கே ஒரு புண் வந்தது. வலிக்கவில்லை, தானாகவே ஆறிவிட்டது. விட்டுவிடலாமா?

விடாதீர்கள். வலிக்காமல் வந்து தானாக ஆறும் புண் கிரந்தியின் முதல் கட்டமாக இருக்கலாம். புண் மறையும், கிருமி உடம்பிலேயே தங்கும். பிறகு உள்ளங்கை, உள்ளங்காலில் அரிக்காத தடிப்பாக வந்து அதுவும் மறையும். கடைசியில் இதயம், மூளை, கண் வரை போகும். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். பெனிசிலின் ஊசிதான் மருந்து, ஆரம்பக் கட்டத்தில் ஒரே வேளையோடு முடிந்துவிடும். எழுபது எண்பது வருடப் பழைய மருந்து, இன்றும் கேட்கிறது.

எச்ஐவி பரிசோதனைக்குப் போனால் என்ன நடக்கும்? யாராவது பார்த்துவிட்டால்?

சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நம்பிக்கை மையம் இருக்கிறது. மற்ற அரசு மருத்துவமனைகளிலும் பல ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் உண்டு. உள்ளே போனால் ஓர் ஆலோசகர் தனியாக உட்கார வைத்துப் பேசுவார். எத்தனை பேரோடு உறவு, ஆணா பெண்ணா, ஆணுறை பயன்படுத்தினீர்களா, ஊசி போட்டுக்கொண்டீர்களா என்று நேராகக் கேட்பார். திட்டுவதற்காக அல்ல, எந்தக் கிருமியை எப்போது தேடுவது என்று முடிவு செய்வதற்காக. நீங்கள் சம்மதித்த பிறகே ரத்தம் எடுப்பார்கள். குழாயில் உங்கள் பெயருக்குப் பதிலாக ஓர் எண் இருக்கும். முடிவு பெரும்பாலும் அன்றே வந்துவிடும், அதையும் அதே ஆலோசகர் உங்களிடம் மட்டும் சொல்வார். முதல் சோதனையில் கிருமி இருப்பதாகக் காட்டினால், வேறு வேறு முறையில் மேலும் இரண்டு சோதனை செய்த பிறகுதான் உறுதிசெய்வார்கள்.

பார்த்துவிட்டால் என்ற பயத்துக்கு வருகிறேன். கர்ப்பிணிகள் எல்லோருக்கும் காசநோயாளிகள் எல்லோருக்கும் இதே பரிசோதனை உண்டு. ஆகவே அந்த வாசலில் ஒருவர் நிற்பதை வைத்து எதையும் முடிவுகட்ட முடியாது. அப்படியும் மனம் ஒப்பவில்லையென்றால் நாமக்கல்லுக்கோ ஈரோட்டுக்கோ தர்மபுரிக்கோ போங்கள். எந்த ஊர்க்காரரும் எந்த ஊரிலும் பார்த்துக்கொள்ளலாம்.

2017-ஆம் ஆண்டின் எச்ஐவி, எய்ட்ஸ் சட்டம் 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. உங்கள் சம்மதம் இல்லாமல் பரிசோதிக்கக் கூடாது, முடிவை ஊருக்குச் சொல்லக் கூடாது, வேலைக்குச் சேர எச்ஐவி பரிசோதனை கேட்கக் கூடாது, கிருமி இருப்பதால் வேலையிலிருந்தோ வாடகை வீட்டிலிருந்தோ வெளியேற்றக் கூடாது என்கிறது அந்தச் சட்டம்.

இந்தக் கூச்சம் எங்கிருந்து வந்தது என்பது நாற்பதைக் கடந்தவர்களுக்குத் தெரியும். 2000-களின் தொடக்கத்தில் ‘புள்ளி ராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?’ என்று தமிழ்நாடு முழுக்க விளம்பரப் பலகைகள் கேட்டன. பேசவே பேசாத ஒன்றைப் பேச வைத்த விளம்பரம் அது, அந்த வகையில் அதற்குப் பெருமை உண்டு. ஆனால் பரிசோதனைக்குப் போகிறவன் தவறு செய்தவன் என்ற எண்ணமும் கூடவே ஊன்றிப்போனது. அதைக் களைவதுதான் இன்று எங்கள் வேலையில் பாதி.

மூன்று நாள் முன்பு ஆணுறை இல்லாமல் இருந்துவிட்டேன். இன்று பார்த்தால் தெரியுமா?

தெரியாது. கிருமி தொற்றிய பிறகு சோதனையில் அது தெரிய மூன்று வாரம் முதல் மூன்று மாதம் வரை ஆகலாம். இன்று ஒரு முறை பாருங்கள், ஏற்கெனவே இருந்ததா என்று தெரியும். மூன்று மாதம் கழித்து மறுபடி பாருங்கள்.

ஆனால் 72 மணி நேரம் கடக்கவில்லையென்றால் இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு இப்போதே மருத்துவமனைக்குப் போங்கள். அந்த நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் தொடர்ந்து சாப்பிட்டால் தொற்றாமல் தடுக்கும் மருந்து இருக்கிறது. தேவையா இல்லையா என்று மருத்துவர் முடிவு செய்வார். எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறீர்களோ அவ்வளவு நல்லது.

ரத்த தானம் செய்தால் அவர்களே பரிசோதித்துவிடுவார்கள்தானே?

அதற்காகத் தானம் செய்யவே செய்யாதீர்கள். சோதனையில் தெரியாத அந்த ஆரம்ப வாரங்களில் நீங்கள் கொடுக்கும் ரத்தம் விபத்தில் அடிபட்ட இன்னொருவருக்கு ஏறும்.

எச்ஐவி இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் வாழ்க்கை முடிந்தது அல்லவா?

இந்தியாவில் இந்தக் கிருமி முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986-இல், சென்னையில். மருத்துவர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் கண்டறிந்தார்கள். அப்போது மருந்தே இல்லை. கூட்டு மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கத் தொடங்கியது 2004 ஏப்ரலில். அன்று நம் பக்கத்து நோயாளிகள் பலருக்குத் தாம்பரம் வரை போக வேண்டியிருந்தது. இன்று சேலத்திலேயே அந்தக் கூட்டு மருந்தைத் தரும் ஏஆர்டி மையம் இருக்கிறது, பெரும்பாலோருக்குத் தினமும் ஒரே மாத்திரை.

அந்த மாத்திரையைத் தவறாமல் சாப்பிட்டால் ரத்தத்தில் கிருமி கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறையும். அந்த நிலை நீடிக்கும்வரை உடலுறவு வழியாக மற்றவருக்குத் தொற்றாது. இதை நான் சொன்னால் பலர் இரண்டாம் முறை கேட்கிறார்கள். ஆமாம், தொற்றாது. மருத்துவர் ஆலோசனையோடு கிருமி இல்லாத குழந்தையைப் பெற்றுக்கொள்ளலாம். வேலைக்குப் போகலாம், லாரி ஓட்டலாம், பேரப்பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சலாம். மாத்திரையை மட்டும் விடக் கூடாது. நீண்ட பயணம் போகும் ஓட்டுநர்கள் முன்கூட்டியே சொன்னால் கூடுதல் நாளுக்கு வாங்கிக்கொள்ள வழி இருக்கிறதா என்று மையத்தில் பார்ப்பார்கள்.

நான் ஆண்களோடு உறவில் இருக்கிறேன். மருத்துவரிடம் சொல்லலாமா? போலீசுக்குப் போய்விடுமா?

வயதுவந்த இருவர் மனமொப்பித் தனிமையில் உறவுகொள்வது குற்றமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்று தீர்ப்பளித்துவிட்டது. சொல்லுங்கள். ஆசனவாய் வழி உறவில் எச்ஐவி தொற்றும் வாய்ப்பு அதிகம், அங்கும் தொண்டையிலும் வெட்டை நோய் அறிகுறி இல்லாமல் தங்கும். நீங்கள் சொன்னால்தான் மருத்துவர் அங்கே பார்ப்பார். திருநங்கைகளுக்கும் திருநம்பிகளுக்கும் இதே பரிசோதனைகள் தேவை, அதே மரியாதை உரியது.

ஒரு மருத்துவர் முகம் சுளித்தால் தவறு அவருடையது, நீங்கள் பரிசோதனையை விட்டுவிடாதீர்கள். எச்ஐவி பற்றிய உதவிக்கான 1097 என்ற இலவச எண்ணில் கேட்டால் உங்கள் பகுதியில் உங்களைப் போன்றவர்களே களப்பணியாளர்களாக இருக்கும் தொண்டு நிறுவனம் எது என்று சொல்வார்கள். அவர்கள் கூடவே வந்து பரிசோதனை முடியும்வரை உட்கார்ந்திருப்பார்கள்.

திருமணமாகி, மனைவிக்குத் தெரியாமல் இந்த உறவும் வைத்திருப்பவர்கள் நிறையப் பேர் எங்களிடம் வருகிறார்கள். அவர்களின் குடும்ப முடிவை நான் எடுக்க முடியாது. ஆனால் அந்தப் பெண்ணுக்கும் உடம்பு இருக்கிறது. வெளியே ஆணுறை, வருடத்துக்கு இரண்டு முறையாவது பரிசோதனை என்ற இரண்டையும் அந்த ஆண்களிடம் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

ஆணுறை கிழிந்துவிடுகிறது. ஏன்?

தேங்காய் எண்ணெய் தடவுகிறீர்களா? ரப்பர் ஆணுறையை எண்ணெய் சில நிமிடங்களிலேயே பலவீனமாக்கிவிடும். விளக்கெண்ணெய், வாசலின், உடம்புக்குப் பூசும் கிரீம் எல்லாவற்றுக்கும் இதே கதி. மருந்துக் கடையில் தண்ணீர் அடிப்படையிலான வழுவழுப்புக் களிம்பு கிடைக்கும், அதை வாங்குங்கள். பர்ஸில் மாதக்கணக்கில் வைத்த ஆணுறையும், லாரி கேபினில் வெயில் பட்டதும் கிழியும். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு போட்டாலும் உரசிக் கிழியும். அரசின் நிரோத் இலவசமாகவே கிடைக்கிறது.

குடியை நாளையிலிருந்து ஒரேயடியாக நிறுத்தப் போகிறேன். மாலை போட்டுக்கொள்ளலாம் என்று இருக்கிறேன்.

முடிவு நல்லது. வழியில் ஓர் ஆபத்து இருக்கிறது, அதைத் தெரிந்துகொள்ளுங்கள். எப்போதாவது குடிப்பவர் நாளையே நிறுத்தலாம். பல வருடமாகத் தினமும் குடிப்பவர், காலையில் எழுந்ததும் கை நடுக்கத்துக்காகவே குடிப்பவர், திடீரென நிறுத்தினால் ஒரு நாளுக்குள் நடுக்கமும் வியர்வையும் வரும், சிலருக்கு வலிப்பு வரும். இரண்டு மூன்று நாளில் இல்லாத உருவம் தெரிவது, ஆள் தெரியாமல் குழம்புவது என்று போனால் உயிருக்கே ஆபத்து. வீட்டில் பேய் பிடித்துவிட்டது என்று மந்திரிக்கக் கூட்டிப்போகும் நிலை பல நேரம் இதுதான்.

ஆகவே மருத்துவமனையின் மனநலப் பிரிவில் சேர்ந்து நிறுத்துங்கள். நடுக்கத்துக்கு மருந்தும், மூளையைக் காக்க வைட்டமின் பி1 ஊசியும் கொடுத்து ஒரு வாரத்தில் கடத்திவிடுவார்கள். அதன் பிறகு மாலை போடுங்கள், மனவுறுதிக்கு அது பெரிய துணை. குடிப்பவருக்குத் தெரியாமல் மருந்து கலந்து கொடுக்கும் வேலையை மட்டும் வீட்டார் செய்ய வேண்டாம். அந்த மருந்தோடு மது சேர்ந்தால் உயிர் போகலாம்.

மலையில் பாக்கெட் சாராயம் குடித்தவருக்குக் கண் மங்குகிறது. போதை தெளிந்தால் சரியாகிவிடுமா?

ஆகாது. உடனே 108. கண் மங்கல், வயிற்றுவலி, வாந்தி, மூச்சு வாங்குதல் என்றால் மெத்தனால் கலந்திருக்கிறது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். குடித்து ஒரு நாள் கழித்துக்கூட இது தொடங்கலாம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோர் இறந்தது இதனால்தான், பலரைச் சேலம் அரசு மருத்துவமனைக்குத்தான் கொண்டுவந்தார்கள். மருத்துவரிடம் வயிற்றுவலி என்று மழுப்பாமல் என்ன குடித்தார், எப்போது குடித்தார் என்று அப்படியே சொல்லுங்கள். கூடக் குடித்தவர்கள் நன்றாக இருந்தாலும் அவர்களையும் அழைத்துப் போங்கள்.

வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்கிறேன். நிறுத்த முடியவில்லை.

இதைக் கேட்க உங்களுக்கு எவ்வளவு தைரியம் வேண்டியிருந்திருக்கும் என்று தெரியும். நிறுத்த முடியும், அதற்கு உதவி வேண்டும். நாக்கின் அடியில் வைக்கும் மாற்று மருந்து இருக்கிறது, அது உடல் வேதனையைத் தாங்க வைத்துப் படிப்படியாக வெளியே கொண்டுவரும். 14446 என்ற இலவச எண்ணில் போதை மீட்பு உதவி கேட்கலாம்.

நிறுத்தும் நாள் வரும்வரை உயிரோடும் நோயில்லாமலும் இருக்க வேண்டும் அல்லவா? மாத்திரை வாயில் போட்டு விழுங்கச் செய்யப்பட்டது. அதிலிருக்கும் மாவும் சுண்ணாம்பு போன்ற தூளும் ரத்தக் குழாயை அடைத்து, கையையே எடுக்கும் நிலைக்குக் கொண்டுபோகும். ஊசியை மட்டுமல்ல, கரைக்கும் மூடியையும் தண்ணீரையும் பஞ்சையும்கூட யாரோடும் பகிராதீர்கள். ஹெபடைடிஸ் சி அவற்றின் வழியாகவும் பரவும். அது வந்திருந்தாலும் இன்று பெரும்பாலோருக்கு 12 வார மாத்திரையில் முழுமையாகக் குணமாகிறது, 2018-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் இலவசம். ஹெபடைடிஸ் பி-க்குத் தடுப்பூசி இருக்கிறது, ஆறு மாதத்தில் மூன்று ஊசி. தனியாக இருக்கும்போது ஏற்றிக்கொள்ளாதீர்கள். நண்பர் மூச்சு மெதுவாகி, கண்மணி குண்டூசித் தலைபோலச் சுருங்கி, உதடு நீலமாகி, எழுப்பினால் எழவில்லையென்றால் ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐ அழையுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள், விட்டுவிட்டு ஓடாதீர்கள்.

சிகிச்சைக்குப் போனால் கேஸ் போடுவார்களா?

சிகிச்சைக்கு வந்தவரைப் பிடித்துக் கொடுப்பது மருத்துவரின் வேலை இல்லை. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்திலேயே 64ஏ என்ற பிரிவு இருக்கிறது. சொந்தப் பயன்பாட்டுக்காகவோ சிறு அளவு வைத்திருந்ததற்காகவோ குற்றம் சாட்டப்பட்டவர், தாமாக முன்வந்து அரசு நடத்தும் அல்லது அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சையை முழுமையாக எடுத்துக்கொண்டால் வழக்கிலிருந்து அது பாதுகாப்புத் தருகிறது. பாதியில் விட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடக்கூடும். ஏற்கெனவே வழக்கு இருந்தால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வழக்கறிஞர் உதவி கேளுங்கள்.

ஹான்ஸ், கூல் லிப் எல்லாம் புகை இல்லையே. அதனால் என்ன?

புகை இல்லை, ஆனால் இவையும் புகையிலைதான். 2013 முதலே தமிழ்நாட்டில் குட்காவுக்குத் தடை, ஆனாலும் கிடைக்கிறது. இரவு ஷிப்டில் தூக்கம் வராமல் இருக்க உதட்டுக்குள் ஒன்றைச் செருகிக்கொள்வது தறிக்காரர்களிடமும் ஓட்டுநர்களிடமும் சகஜம். நாளை காலை பல் துலக்கும்போது கண்ணாடி முன்னால் செல்பேசி வெளிச்சத்தில் வாயைத் திறந்து பாருங்கள். பொருளை வைக்கும் இடம், கன்னத்தின் உட்புறம், நாக்கின் இரு ஓரம், நாக்கின் அடி. வழித்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண் இருந்தால் பல் மருத்துவரிடம் போங்கள். மூன்று விரலை மேலும் கீழுமாக வைத்து வாய்க்குள் நுழைக்க முடியவில்லையென்றாலும் போங்கள். வாய் இறுகத் தொடங்கியிருக்கிறது. விடுவதற்கு உதவி 1800-11-2356 என்ற இலவச எண்ணில்.

விதையில் சின்னக் கட்டி, வலி இல்லை.

இந்த வாரமே காட்டுங்கள். விதைப் புற்றுநோய் 15 முதல் 35 வயதுக்காரர்களுக்கே அதிகம் வரும், சீக்கிரம் கண்டால் பெரும்பாலும் குணமாகும். எல்லாக் கட்டியும் புற்று இல்லை, ஸ்கேன் பார்த்தால் தெரியும். ஐம்பதைத் தாண்டியவர்கள் இரவில் அடிக்கடி எழுந்து, சொட்டுச் சொட்டாகச் சிறுநீர் கழித்தால் புராஸ்டேட் சுரப்பியைப் பார்க்க வேண்டும். வயதானால் அப்படித்தான் என்று விட்டுவிடாதீர்கள்.

உடம்பைவிட மனம்தான் சரியில்லை. செத்துவிடலாம் என்று தோன்றுகிறது.

14416 என்ற மனநல உதவி எண்ணை அழையுங்கள். எந்த நேரத்திலும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. பக்கத்தில் இருக்கும் ஒருவரிடம் இப்போதே சொல்லுங்கள், தனியாக இருக்காதீர்கள். பரிசோதனை முடிவைப் பார்த்த அதிர்ச்சியிலோ, போதையை நிறுத்திய முதல் வாரத்திலோ இந்த எண்ணம் வருவது பலருக்கு நடக்கிறது. உதவி கிடைத்தால் அது கடந்துபோகும். வீட்டில் பூச்சிமருந்து இருந்தால் வேறு யாரிடமாவது கொடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

என் கணவரை எப்படி அழைத்துப் போவது? சொன்னாலே எரிந்து விழுகிறார்.

பெண்களும் இதைப் படிப்பது நல்லதுதான். குடிகாரன், கஞ்சா கேஸ் என்ற சொற்கள் வீட்டில் புழங்கும்வரை அவர் வாய் திறக்க மாட்டார். போதையில் இருக்கும்போது பேசாதீர்கள், காலையில் பேசுங்கள். ‘எனக்குச் சர்க்கரை பார்க்க வேண்டும், நீங்களும் கூட வாருங்கள், இரண்டு பேரும் பார்த்துக்கொள்வோம்’ என்று தொடங்கிய பெண்கள் பலர் காரியத்தைச் சாதித்திருக்கிறார்கள். அவர் அடிக்கிறார் என்றால் அது வேறு விஷயம். அதற்கு 181 என்ற எண்ணில் உதவி கேளுங்கள். அவரைத் திருத்தும் பொறுப்பு உங்களுடையது இல்லை.

ஏற்காட்டிலிருந்து வருகிறேன். காபி அறுவடை நேரத்தில் ஒரு நாள்தான் விடுப்பு கிடைக்கும். எப்படித் திட்டமிடுவது?

ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் இருபது கொண்டை ஊசி வளைவு இறங்க வேண்டியதில்லை, ஏற்காடு அரசு மருத்துவமனையிலேயே பார்த்துவிடலாம். எச்ஐவி, கிரந்திப் பரிசோதனை அன்று அங்கே நடக்கிறதா என்று முதல் நாளே 1097-இல் கேட்டுக்கொள்ளுங்கள். ஊர்க்காரர் கண்ணில் படக் கூடாது என்றாலோ, மேல் சிகிச்சை தேவை என்றாலோ சேலம் வாருங்கள். காலை முதல் பஸ்ஸைப் பிடியுங்கள், புறநோயாளிச் சீட்டு மதியத்துக்கு மேல் கிடைப்பது கஷ்டம். வெறும் வயிற்றில் புறப்படுங்கள், தண்ணீர் மட்டும் குடிக்கலாம். ஏற்கெனவே சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்பவர் அதை ரத்தம் கொடுத்த பிறகு, சாப்பிடும் நேரத்தில் வழக்கம்போல எடுத்துக்கொள்ளலாம், கையோடு கொண்டுவாருங்கள். ஆதார் அட்டை, பழைய சீட்டுகள், சாப்பிடும் மாத்திரைகளின் அட்டை, வீட்டுக்குத் தெரிய வேண்டாம் என்றால் உங்கள் சொந்தச் செல்பேசி எண். வரிசையில் என்ன தொந்தரவு என்று எல்லோர் காதிலும் படக் கேட்டால் ‘நம்பிக்கை மையம் போக வேண்டும்’ என்று மட்டும் சொன்னால் போதும், மற்றதை உள்ளே ஆலோசகரிடம் சொல்லிக்கொள்ளலாம். ரத்தம் கொடுத்த பிறகு வெளியே போய்ச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள், முடிவை வாங்கிக்கொண்டு மதியத்துக்கு மேல் கிளம்பினால் இருட்டுவதற்குள் மலை ஏறிவிடலாம்.